கணக்கை விட்டுவிட்டு இசையை எடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. அடுத்த வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவத்தைப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தும் கட்டாயம். அதற்கு மேல் இசை, ஓவியம், கணினி, கணக்குப்பதிவியல், இன்னொரு மொழி என்று ஐந்து இருக்கின்றன. இரண்டை அவளே எடுத்துக்கொள்ளலாம். இசைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கணிதத்தில் இந்த ஆண்டு ஒரு தேர்விலும் 40ஐத் தாண்டவில்லை. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் கணிதத்துக்குப் பதில் வேறு பாடம் கிடைக்குமாம், அதையும் கேட்கச் சொல்கிறாள். என் கணவரோ, "பாட்டெல்லாம் வீட்டில் பாடிக்கொள்ளட்டும், மார்க் வருகிற பாடமாக எடுக்கட்டும்" என்று கணக்குப்பதிவியலையும் கணினியையும் சொல்கிறார். "பிடிக்காத பாடத்தை எல்லாரும் ஏன் படித்தே ஆக வேண்டும்?" என்று மகள் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். கணிதத்தை இப்போது விட வேண்டாம். இசையை எடுக்கட்டும். இரண்டாவது விருப்பப் பாடத்தைக் கணினியா, மொழியா, கணக்குப்பதிவியலா என்று நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதில் நான் சொல்லக்கூடியது ஒன்றிரண்டு எச்சரிக்கைகள் மட்டும்தான்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி. "வாழ்க்கைக்கு உதவும்" என்று சொல்லி அவளைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். முக்கோணவியலை வைத்து நீங்கள் கடைசியாக என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பாள், மாட்டிக்கொள்வீர்கள். பள்ளியில் படித்த இயற்கணிதத்தைப் பெரும்பாலான பெரியவர்கள் அன்றாடம் தொடுவதே இல்லை. ஒரு பாடம் எல்லாருக்கும் பயன்படும் என்பதற்காக மட்டும் அதைக் கட்டாயமாக்குவதாக இருந்தால் சமையலும் முதலுதவியும்தான் பட்டியலில் முதலில் நிற்கும்.

பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த உண்மையான காரணம் வேறு. 14 வயதில் ஒரு பிள்ளை ஒரு பாடத்தை "வேண்டாம்" என்று சொல்லும்போது, அந்த முடிவு முழுக்க அந்தப் பிள்ளையுடையதாக இருப்பதில்லை. போன ஆண்டு அந்தப் பாடத்தை எடுத்த ஆசிரியர் எப்படி நடத்தினார், பக்கத்தில் உட்கார்ந்த தோழி எதை எடுக்கிறாள், வீட்டில் யாராவது "நமக்கெல்லாம் கணக்கு ஓடாது" என்று சொல்லி வளர்த்தார்களா, பள்ளிக்கு அந்தப் பாடத்தில் ஆள் இருக்கிறாரா, இத்தனையும் அந்த ஒரு "வேண்டாம்"க்குள் இருக்கின்றன. கட்டாயப் பாடம் என்பது இந்த முடிவை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிற ஏற்பாடு. பிள்ளைக்குக் கொஞ்சம் வயது கூடிய பிறகு அதே கேள்வியை அதே பிள்ளையிடம் கேட்கலாம். அதற்குள் கதவு சாத்தியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கட்டாயத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு நல்ல பாடம். அங்கே 14 வயதுக்கு மேல் ஒரு வெளிநாட்டு மொழியைப் படித்தே ஆக வேண்டும் என்ற விதியை 2004ல் நீக்கினார்கள். பிடிக்காதவர்களை எதற்குத் துன்புறுத்த வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். 2002ல் நான்கில் மூன்று மாணவர்கள் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வில் ஒரு மொழி எழுதிக்கொண்டிருந்தார்கள். 2011ல் அது 40 சதவீதம் ஆனது. எண்ணிக்கை குறைந்ததை விட, எங்கே குறைந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலும், நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகளிலும் மொழிப் பாடம் பெருமளவு நிலைத்தது. வசதி குறைந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகளில்தான் அது வேகமாகக் கரைந்தது. விருப்பம் என்று அறிவித்ததும் முதலில் பாடத்தை இழந்தவர்கள், வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாத பிள்ளைகள். உங்கள் மகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள், கடிதம் எழுதிக் கேட்கிறீர்கள். விதி எல்லாருக்குமாகப் போடப்படுவது, இப்படி ஒருவர் இல்லாத பிள்ளைக்காக.

சரி, அப்படியானால் கட்டாயம் என்று போட்டுவிட்டால் போதுமா? போதாது. அதே இங்கிலாந்தில் 2014 முதல் இன்னொரு விதி இருக்கிறது. 16 வயதுத் தேர்வில் கணிதத்தில் தேர்ச்சித் தரத்தை எட்டாதவர்கள், மேற்கொண்டு எந்தப் படிப்புக்குப் போனாலும் கணிதத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும். பெரும்பாலோர் அதே தேர்வை மறுபடி எழுதுகிறார்கள். அப்படி எழுதுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பது சட்டத்தால் முடிகிற காரியம், கற்க வைப்பது முடியாது. அதனால் உங்கள் மகளைக் கணிதத்தில் தொடரச் சொல்கிற நான், இப்போது நடப்பது போலவே நடக்கட்டும் என்று சொல்லவில்லை. 40க்குக் கீழேயே ஓராண்டு முழுவதும் ஓடியிருக்கிறது என்றால், இடையில் ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்று பொருள்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். அவளுடைய இந்த ஆண்டுக் கணிதத் தேர்வுத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், மார்க் எங்கே போனது என்று மட்டும் பாருங்கள். உதாரணமாக, "ஓர் எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 7ஐக் கழித்தால் 20 கிடைக்கிறது, அந்த எண் என்ன?" என்று ஒரு கணக்கு இருக்கிறது என்று வையுங்கள். மூன்று மடங்கு என்பது 27, எண் 9. அவள் 20இலிருந்து 7ஐக் கழித்து, மூன்று மடங்கு 13 என்று எழுதி, அப்புறம் பின்னத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், அது 7ஐ மறுபக்கம் கொண்டுபோகும்போது வந்த குறிப் பிழை. இரண்டு வகுப்புக்கு முன்னால் விட்டுப்போன விஷயம். பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஒருவர் கிடைத்தால் சில வாரங்களில் சரியாகிவிடும். மாறாக, சமன்பாட்டையே 7இலிருந்து மூன்று மடங்கைக் கழிப்பது போல எழுதியிருந்தால், அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை, வாக்கியத்தைக் கணக்காக மாற்றுவதுதான் வரவில்லை. அது வாசிப்புச் சிக்கல். கணக்கு டியூஷனில் நூறு கணக்கு போட வைத்தாலும் அது தீராது. ஒவ்வொரு கணக்கையும் வாய்விட்டு வாசித்து, எதிலிருந்து எது போகிறது என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். மூன்றாவது வகை, விடைத்தாளில் வெற்றிடம். தொடாமலே விட்ட கேள்விகள். அது பயம். அதற்கு மருந்து எளிய கணக்குகள்தான், அதிகக் கணக்குகள் இல்லை.

இந்த மூன்றில் எது எவ்வளவு என்று ஒரு தாளில் எண்ணி எழுதுங்கள். கணித ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது "என் மகளுக்குக் கணக்கே வரவில்லை" என்று போகாமல் அந்தத் தாளோடு போங்கள். பேச்சின் தரமே மாறிவிடும்.

இன்னொன்று, அவள் கணிதத்தை விட்டுவிட்டாலும் கணிதம் அவளை விடாது. அறிவியலில் மின்சாரப் பாடத்தில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை வரும். வேதியியலில் மோல் கணக்கு வரும். சமூக அறிவியலில் வரைபட அளவுகோல் வரும். எல்லாம் விகிதமும் வகுத்தலும்தான். கணிதம் இல்லாமல் அறிவியல் மட்டும் எடுக்கிற பிள்ளை இரண்டாவது ஆண்டில் அறிவியலிலும் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆதி தாளத்தின் ஒவ்வொரு அட்சரத்தையும் (எண்ணிக்கையையும்) மூன்றாகப் பிரித்துத் திஸ்ர நடையில் பாடத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னம் புரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். உங்கள் மகள் அந்த அளவுக்குப் பாடுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை.

கணிதத்தை முழுக்க விடுவதற்கும் முழுக்கச் சுமப்பதற்கும் நடுவில் ஒரு வழி சில இடங்களில் உண்டு. இந்தியாவில் சிபிஎஸ்இ 2020 பொதுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு இரண்டு விதமான வினாத்தாள் வைக்கிறது: ஸ்டாண்டர்டு, பேசிக். பாடம் ஒன்றுதான், கேள்வியின் கடினம்தான் வேறு. ஃபின்லாந்தில் உயர்நிலைப் படிப்பில் கணிதத்துக்கு நீண்டது, குறுகியது என்று இரண்டு பாடத்திட்டம் இருக்கிறது. உங்கள் பள்ளியில் இப்படி ஏதாவது இருந்தால் விசாரியுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன், எளிய தாளை எழுதியவர்கள் பிறகு மேல்வகுப்பில் கணிதம் எடுக்க என்ன நிபந்தனை என்று கேட்டுவிடுங்கள். இந்த இடத்தில்தான் கதவு சத்தமில்லாமல் சாத்தப்படும்.

இந்த எளிய தாள் விஷயத்தில் எனக்கே ஒரு தயக்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். மாணவர்களே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்தவர், அதன் தலைவராக இருந்த சார்லஸ் எலியட். அவர் தலைமையில்தான் 1892ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்காகப் பத்துப் பேர் குழு அமைந்தது. விருப்பத் தேர்வுக்கு அவ்வளவு வாதாடிய அவருடைய குழுவே, ஒரு பள்ளியில் ஒரு பாடம் நடத்தினால் கல்லூரிக்குப் போகிறவனுக்கு ஒரு விதமாகவும் வேலைக்குப் போகிறவனுக்கு இன்னொரு விதமாகவும் நடத்தக் கூடாது என்றது. "இவளுக்கு இது போதும்" என்று யாரோ ஒருவர் முடிவு செய்வதில் இருக்கிற ஆபத்து அது. எளிய தாள் பிள்ளையின் மூச்சுத் திணறலைக் குறைக்க வேண்டும். அவளைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிடக் கூடாது.

இனி உங்கள் கணவரின் வாதம். அதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி அடுத்த இடத்துக்குச் சேர்க்கிற முறையில் விருப்பப் பாடத்தின் மார்க்கும் சேருமானால், அது அற்பமான கணக்கு இல்லை. அதனால் முதல் கேள்வி, விருப்பப் பாடத்தின் மார்க் மொத்தத்தில் சேருகிறதா? சேராத இடங்கள் ஏராளம். சேராவிட்டால் இந்தச் சண்டைக்கே வேலை இல்லை.

சேரும் என்றாலும், "மார்க் வருகிற பாடம்" என்று ஊர் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். சீனாவில் கல்லூரி நுழைவுத் தேர்வைச் சீர்திருத்தப்போவதாக 2014ல் அறிவித்து, ஷாங்காய் நகரிலும் ஜெஜியாங் மாகாணத்திலும் முதலில் நடைமுறைப்படுத்தினார்கள். மூன்று கட்டாயப் பாடங்களுக்கு மேல் மீதி மூன்றை மாணவரே தேர்ந்துகொள்ளலாம். அந்தப் பாடங்களுக்கு மார்க், மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தர வரிசைப்படி கிடைக்கும். பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டார்கள்: கெட்டிக்காரர்கள் எல்லாம் இயற்பியல் எடுப்பார்கள், அவர்களோடு மோதினால் நமக்குத் தர வரிசை இறங்கும், ஆகவே இயற்பியல் வேண்டாம். இயற்பியல் எடுப்போர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. பொறியியல் படிக்கப் போகிறவர்களே இயற்பியல் இல்லாமல் வர ஆரம்பித்ததும், பின்னால் வந்த மாகாணங்களில் விதியை மாற்றி, இயற்பியல் அல்லது வரலாறு இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். மார்க்குக்காகப் பாடத்தைத் தேர்வது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் புத்திசாலித்தனமாகத் தெரியும். எல்லா வீடுகளும் அதையே செய்யும்போது அந்த லாபம் காணாமல் போய்விடும், பாடம் மட்டும் கையில் நிற்கும். பிடிக்காத கணக்குப்பதிவியலோடு இரண்டு ஆண்டு இருக்கப்போவது உங்கள் மகள்தான்.

அதோடு, கணிதத்தில் 40 வாங்குகிற பிள்ளைக்குக் கணக்குப்பதிவியலில் மார்க் கொட்டும் என்று உங்கள் கணவர் எதை வைத்து நம்புகிறார்? பற்றும் வரவும் ஒழுங்காக எழுதினால் மார்க் வரும் என்பது உண்மை. ஆனால் இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் ஒத்துவராமல் எங்கே தவறு என்று தேடும் பொறுமை வேண்டும். கணக்கில் பயந்த பிள்ளைக்கு முதலில் போவது அந்தப் பொறுமைதான்.

இசைக்கும் கணக்குப்பதிவியலுக்கும் ஒரே பட்டியலில் போட்டி வைத்ததே கோளாறு என்பது என் கருத்து. இலங்கையில் 16 வயதளவில் எழுதும் சாதாரண தரப் பொதுத் தேர்வில் பல ஆண்டுகளாக இருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு கட்டாயம். மீதி மூன்றை மூன்று தொகுதிகளிலிருந்து, தொகுதிக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். வணிகமும் கணக்கீடும் ஒரு தொகுதியில். சங்கீதம், சித்திரம், நடனம், இலக்கியம் போன்றவை இன்னொன்றில். தகவல் தொழில்நுட்பம், விவசாயம், சுகாதாரம் போன்றவை மூன்றாவதில். அங்கே ஒரு பிள்ளை சங்கீதம் எடுப்பதால் வணிகத்தை இழப்பதில்லை. கலைக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்துக்குள் சுதந்திரம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது பாடம் என்பது பெரிய சுமை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கட்டாயமா விருப்பமா என்று இரண்டு அணியாக நின்று சண்டை போடுகிறவர்கள், இப்படி நடுவில் ஒரு வடிவம் இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

படிவத்தில் அச்சாகியிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்பது என் முதல் எச்சரிக்கை. பள்ளி டைம்டேபிள் போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும்: ஐந்து பாடத்தில் எந்த இரண்டையும் எடுக்கலாம் என்று படிவம் சொல்லும், டைம்டேபிளில் இசையும் கணினியும் ஒரே பீரியடில் இருக்கும். இரண்டையும் எடுக்க முடியாது என்று ஜூன் மாதமோ ஜனவரியோ வகுப்பு தொடங்கிய பிறகுதான் சொல்வார்கள். அப்புறம் மிச்சம் இருக்கிற இடத்தில் பிள்ளையைத் தள்ளுவார்கள். ஒரு பாடத்துக்குப் போதிய ஆள் சேரவில்லை என்றால் அந்தப் பாடமே ரத்தாகும். இசைக்கும் ஓவியத்துக்கும் இது அடிக்கடி நேரும். எந்தப் பாடங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன, குறைந்தது எத்தனை பேர் சேர வேண்டும், ஆசிரியர் நிரந்தரமானவரா, பகுதி நேரத்தில் வந்து போகிறவரா என்று தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கேட்கிற பெற்றோர் குறைவாக இருப்பதால்தான் அந்த விவரம் படிவத்தில் இல்லை.

இரண்டாவது எச்சரிக்கை மகளுக்கு. பாடுவது பிடிக்கும் என்பதும் இசைப் பாடம் பிடிக்கும் என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பள்ளி இசையில் எழுத்துத் தேர்வு இருக்கும். ராக லட்சணம், தாள அமைப்பு, வாக்கேயக்காரர்கள் (பாடலை இயற்றி இசையும் அமைத்தவர்கள்) வாழ்க்கை, கருவிகளின் அமைப்பு, சுரப்படுத்தி எழுதுவது என்று உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி கணிசம். அந்த வகுப்புப் புத்தகத்தையும் போன ஆண்டு வினாத்தாளையும் மேல்வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் வாங்கி அவள் கையில் கொடுங்கள். ஒரு வாரம் புரட்டட்டும். அப்போதும் வேண்டும் என்றால் தாராளமாக எடுக்கட்டும். வீட்டில் பாடிக்கொள்ளட்டும் என்று உங்கள் கணவர் சொல்வதற்கும் பதில் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் உள்ளது வீட்டில் தானாக வந்துவிடாது. வாரம் முழுக்கப் பயந்துகொண்டு உட்காருகிற ஒரு பாடம் இருக்கும் பிள்ளைக்கு, தலை நிமிர்ந்து உட்காருகிற பாடம் ஒன்றாவது கட்டாயம் வேண்டும் என்பது என் அனுபவம். அது அவளுடைய கணிதத்துக்கும் நல்லது.

இரண்டாவது பாடத்துக்கு அவளிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள். பிற்காலத்தில் படிக்கலாம் என்று இப்போது தோன்றுகிற மூன்று படிப்புகளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். மாறிக்கொண்டே இருக்கும், பரவாயில்லை. ஒவ்வொன்றிலும் சேர என்ன பாடம் கேட்கிறார்கள் என்று சேர்க்கை விதிகளில் அவளே தேடட்டும். உளவியல் படிப்பில் புள்ளியியல் இருக்கிறது, பொருளாதாரத்தில் நிறையவே கணிதம் இருக்கிறது, ஒலிப்பதிவுத் துறையில் இயற்பியல் இருக்கிறது என்பதை நீங்கள் சொன்னால் அறிவுரை. அவளே கண்டுபிடித்தால் செய்தி. கணினியா, மொழியா என்பது பெரும்பாலும் அந்தத் தேடலிலேயே தெளிந்துவிடும். இரண்டும் சமமாகத் தெரிந்தால், நல்ல ஆசிரியர் எதற்கு இருக்கிறாரோ அதை எடுக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கணிதத்துக்குப் பதில் வேறு பாடம் கேட்கும் விண்ணப்பத்தை இந்த முறை கொடுக்காதீர்கள். ஆனால் மகளிடம் "முடியாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் வேண்டாம். "இந்த ஓராண்டு உனக்குச் சரியான உதவி ஏற்பாடு செய்கிறோம், அதற்குப் பிறகும் விட வேண்டும் என்று நினைத்தால் நாங்களே வந்து கையெழுத்துப் போடுகிறோம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யவும் தயாராக இருங்கள். அதற்கு அடுத்த ஆண்டும் பாடம் மாற்ற இடமிருக்கிறதா என்று தெரிய வேண்டும். கடைசித் தேதி எது, யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைப் படிவம் கொடுக்கும் நாளிலேயே கேட்டு, படிவத்தின் நகலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுத் தேர்வுக்குப் பெயர் பதிந்துவிட்டால் பெரும்பாலான இடங்களில் மாற்ற விட மாட்டார்கள்.